குடிச்சா மூளையில ஜீனே மாறிடும்னு டாக்டர் சொல்றாரு, நெசமா? அப்ப என் தம்பி இனி திருந்தவே மாட்டானா?

பெரியக்கா_திண்டுக்கல்

வணக்கம், இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருக்கேன், எழுதறது இதான் மொத தடவ.

என் தம்பிக்கு 36 வயசு. காலேஜ்ல பிடிச்ச பழக்கம். மொதல்ல லீவு நாள்ல மட்டும், அப்புறம் தெனம் சாயந்திரம், கடைசி ரெண்டு வருசம் காலைல கை நடுக்கம் நிக்கணும்னாலே ஒரு கட்டிங் உள்ள போகணும்ங்கற நெலம. போன வருசம் ஒரு சென்டர்ல ஒரு மாசம் வெச்சிருந்தோம், நகை அடகு வெச்சுதான். வெளிய வந்து அஞ்சரை மாசம் தொடல. சத்தியமா தொடல, நான் கூடவே இருந்தேன். மூஞ்சி தெளிஞ்சிருச்சு, பொண்ண ஸ்கூலுக்கு அவனே கொண்டு விட்டான், கடன்ல கொஞ்சம் அடைச்சான்.

ஒரு நாள் நாங்க ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நிக்கறோம், ஏதோ அம்மா பத்தி பேசிட்டு இருந்தான், பக்கத்துல நின்ன ஒரு ஆளு தண்ணி பாக்கெட்ட பல்லால கடிச்சு கிழிச்சாரு, அவ்ளோதான், பேசிட்டு இருந்தவன் பாதி வார்த்தைல நின்னுட்டான். தொண்டை ஏறி எறங்குது. கண்ணு அந்த ஆளு கையிலயே இருக்கு. அந்த மனுசன் வெயிலுக்கு வெறும் தண்ணிதான் குடிச்சாரு. எனக்கு வயித்துல புளிய கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. மூணாம் நாள் குடிச்சிட்டு வந்து வாசல்ல உக்காந்திருந்தான்.

திரும்ப டாக்டர்கிட்ட போனா, "ரொம்ப வருசம் குடிச்சா மூளையில ஜீன் வேலை செய்யறதே மாறிடும்மா, அதான் இப்படி"ன்னாரு. வெளிய நாப்பது பேர் வெயிட்டிங், மேல கேக்க முடியல. ஜீனே மாறிடுச்சுன்னா என்ன அர்த்தம், ஜீன்னா பொறப்புலயே வர்றதில்லையா, மாறிட்டா திரும்பாதா, அவன் பொண்ணுக்கும் வந்துருமா? யாராவது தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

லேப்எலி

அக்கா, நான் நியூரோசயின்ஸ்ல பிஎச்டி பண்றேன், பகலெல்லாம் எலிகளோடதான் குடித்தனம். டாக்டர் கிடையாது, அதனால மருந்து பத்தி என்கிட்ட கேக்காதீங்க. ஜீன் விசயம் மட்டும் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

மொதல்ல ஒண்ணு, ஜீன் மாறல. அது வேலை செய்யற அளவு மாறுது. உங்க கண்ணுல இருக்கற செல்லுலயும் ஈரல்ல இருக்கற செல்லுலயும் ஒரே டிஎன்ஏதான் இருக்கு, ஆனா ஒண்ணு பாக்குது, ஒண்ணு பித்தநீர் சுரக்குது. எந்தப் பக்கத்த திறந்து படிக்கணும், எத மூடி வெக்கணும்ங்கறது செல்லுக்கு செல் வேற, அவ்ளோதான் வித்தியாசம்.

அந்த மூடறது திறக்கறது எப்படின்னா, ஒரே ஒரு செல்லுக்குள்ள இருக்கற டிஎன்ஏவ இழுத்து நீட்டினா சுமார் ரெண்டு மீட்டர் வரும். ஒரு கைலி நீளம். அத கண்ணுக்கே தெரியாத டப்பாக்குள்ள அடைக்கணும்னா சுத்தித்தான் வெச்சாகணும். ஹிஸ்டோன்னு ஒரு புரோட்டீன், நூல்கண்டு கட்டை மாதிரி, அது மேல டிஎன்ஏ சுத்தியிருக்கு. சுத்து இறுக்கமா இருந்தா அந்த எடத்து ஜீன படிக்க முடியாது. ஹிஸ்டோன் மேல அசிடைல்னு ஒரு குட்டி கெமிக்கல் ஒட்டினா சுத்து தளரும், ஜீன் வேலை செய்ய ஆரம்பிக்கும். பிச்சு எடுத்துட்டா மறுபடி இறுகிடும். ஒட்டறதுக்கு ஒரு கூட்டம் என்சைம், பிச்சு எடுக்கறதுக்கு ஒரு கூட்டம், ராவும் பகலும் இதே வேலை.

இப்ப குடிக்கு வருவோம், இங்கதான் எனக்கே மொதல்ல படிச்சப்ப தூக்கம் வரல. சாராயம் உள்ள போனதும் ஈரல் அத அசிட்டால்டிஹைடா மாத்தும், அது விஷம், அத உடனே அசிடேட்டா மாத்தும். வினிகர்ல இருக்கற சமாச்சாரம்தான் அசிடேட். அது ரத்தத்துல கலந்து ஒடம்பு பூரா சுத்தும். அது சும்மா எரிஞ்சு போற கழிவுன்னுதான் பொதுவா நெனைப்போம். 2019ல அமெரிக்காவுல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல ஷெல்லி பெர்கர் குழு, அதுல பிலிப் மியூஸ்னு ஒருத்தர், எலிக்கு குடுக்கற ஆல்கஹால்ல கனமான ஹைட்ரஜன அடையாளமா வெச்சு, அது எங்க போய் சேருதுன்னு பாத்தாங்க. அது மூளைக்குள்ள போய் நேரா ஹிஸ்டோன் மேல அசிடைலா ஒட்டியிருந்துச்சு. அதாவது குடிச்ச சரக்கோட ஒரு துண்டே போய் ஜீன் சுத்துல உக்காந்துருக்கு. ஏதோ சிக்னல் அனுப்பி மாத்தல, அதுவே போய் ஒட்டுது.

எங்க ஒட்டுதுங்கறது இன்னும் முக்கியம். ஹிப்போகாம்பஸ்ல, ஞாபகம் பதியற எடம். அங்க கத்துக்கறதுக்கு வேண்டிய ஜீனெல்லாம் வேகம் எடுக்குது. எலிய ரெண்டு அறை இருக்கற பொட்டில விட்டு, ஒரு அறையில மட்டும் ஆல்கஹால் குடுத்துப் பழக்கினா, பின்னாடி ஆல்கஹாலே இல்லாதப்பவும் அந்த அறையிலயே போய் நிக்கும். ஆனா அசிடேட்ட அசிடைலா மாத்தித்தர்ற ஏசிஎஸ்எஸ்2ங்கற என்சைம ஹிப்போகாம்பஸ்ல கொறைச்சுட்டா, அதே எலிக்கு அந்த அறை மேல எந்த ஆசையும் பதியறதில்ல.

இப்ப உங்க தண்ணி பாக்கெட்ட நெனச்சுப் பாருங்க. தம்பிக்கு அந்த ஒவ்வொரு ராத்திரியும் சரக்கோட கூடவே என்னென்ன இருந்துச்சோ, பாக்கெட் கிழியற சத்தம், பிளாஸ்டிக் டம்ளர், ஊறுகா வாசன, எல்லாத்தையும் அழுத்திப் பதியறதுக்கு சரக்கே மை ஊத்திக் குடுத்துருக்கு. அவரு ஞாபகம் வெச்சுக்கணும்னு நெனச்சு வெச்சுக்கல.

(எலி வேற மனுசன் வேற, ஒத்துக்கறேன். ஆனா இந்த என்சைமும் ஹிஸ்டோனும் ரெண்டு பேருக்கும் உண்டு.)

---

சும்மாஒருத்தன்

மன்னிக்கணும், எனக்கு இது சாக்கு மாதிரிதான் படுது. எங்கப்பா முப்பது வருசம் குடிச்சாரு. வருசா வருசம் கார்த்திகை பொறந்தா மாலை போடுவாரு, ஒரு மண்டலம் சொட்டு தொடமாட்டாரு, கைநடுக்கம் கிடையாது கோவம் கிடையாது, வீட்டுல அம்மாவ சாமின்னு கூப்பிடுவாரு. மலைக்குப் போயிட்டு வந்து மாலைய கழட்டின அன்னைக்கு சாயந்திரமே கடைக்குப் போயிடுவாரு. ஹிஸ்டோன் அசிடைல் எல்லாம் அந்த ஒரு மண்டலம் எங்க போச்சு? மனசு வெச்சா முடியும்னுதான அர்த்தம்? ஜீன் ஜீன்னு சொல்லிக் குடுத்தா அதையே சொல்லிட்டு இன்னும் ரெண்டு ரவுண்டு குடிப்பானுங்க. அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, நான் பட்டவன்.

---

லேப்எலி

இல்லங்க நல்ல கேள்வி, நக்கலுக்கு சொல்லல. நீங்க சொன்னதுலயே பதில் இருக்கு. மாலை போட்டா என்னென்ன மாறுது? துணி கருப்பு, படுக்கை தனி, காலைல பச்சத்தண்ணி குளியல், சாப்பாடு வேற, கூட சுத்தற ஆளுங்க வேற, ஊரே "சாமி"ங்குது, பழைய கூட்டாளியே வழிமறிச்சாலும் "சாமிக்கு வேண்டாம்டா"ன்னு அவனே ஒதுங்கிடுவான். பழைய ஞாபகத்த தட்டி எழுப்பற எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்துட்டாங்க. கழட்டின சாயந்திரம் அத்தனையும் திரும்பி வந்துருச்சு. ஹிஸ்டோன் எங்கயும் போகல, தட்டி எழுப்ப ஆள் இல்லாம படுத்துருந்துச்சு.

இதே கதை பெரிய அளவுல நடந்துருக்கு. வியட்நாம் போர்ல இருந்த அமெரிக்க சிப்பாய்ங்கள்ல அஞ்சுல ஒருத்தர் ஹெராயினுக்கு அடிமை ஆயிருந்தாங்க. லீ ராபின்ஸ்னு ஒரு அம்மா 1971ல ஊர் திரும்பினவங்கள பின்தொடர்ந்து பாத்தாங்க. அடிமையா இருந்தவங்கள்ல மொத வருசத்துல மறுபடி அடிமையானது சுமார் 5 சதவீதம்தான். காடு இல்ல, துப்பாக்கி இல்ல, சப்ளை பண்ணின ஆள் இல்ல. அதே ஹெராயின உள்ளூர்லயே பிடிச்சு, சென்டர் போயிட்டு அதே தெருவுக்கே திரும்பறவங்க கதை இவ்ளோ நல்லா இருக்கறதில்ல.

அதனால "ஜீன் வேலை மாறிடுச்சு"ங்கறதுக்கு "விதி முடிஞ்சுது"ன்னு அர்த்தம் இல்ல. "மனசு வெச்சா போதும்"னும் அர்த்தம் இல்ல. உங்கப்பா மனசு வெச்சாரு, கூடவே ஊரும் மனசு வெச்சுது.

இன்னொண்ணு, அக்கா கேட்டதுக்கும் சேத்து. அஞ்சரை மாசம் நல்லா இருந்தவன் ஏன் திடீர்னுன்னு. எரிக் நெஸ்ட்லர்னு நியூயார்க்ல மவுன்ட் சினாய்ல இருக்கறவரு, 90கள்ல இருந்து டெல்டா ஃபாஸ்பின்னு ஒரு புரோட்டீன் பின்னாடியே சுத்திட்டு இருக்காரு. போதை உள்ள போனதும் மூளையில இன்பம் தேடற எடத்துல, நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ்னு பேரு, நெறைய புரோட்டீன் பொங்கி வரும், பெரும்பாலும் சில மணி நேரத்துல கரைஞ்சிடும். இது மட்டும் கரையாது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா சேரும், பானை அடியில கரி பிடிக்கற மாதிரி. நிறுத்தின பிறகும் வாரக்கணக்குல கெடக்கும். கெடக்கற வரைக்கும் சும்மா இருக்காது, மத்த ஜீன்கள முடுக்கறதும் அமுக்கறதும்தான் அதோட உத்தியோகம். கொகெயின், ஓபியம் வகை, நிகோட்டின், ஆல்கஹால், எல்லாத்துலயும் இது ஏறுது. கொகெயினுக்கு அடிமையா இருந்து இறந்தவங்க மூளையிலயும் பாத்துருக்காங்க.

அது கரைஞ்ச பிறகும், இருந்த காலத்துல அது பண்ணி வெச்ச வேலை இருக்கு. கொகெயின் குடுத்த எலிக்கு அந்த எடத்துல நரம்பு செல்லோட கிளையில புதுசா முள் முள்ளா மொளைக்கும், அந்த முள்ளுதான் பக்கத்து செல்லோட பேசற எடம். ஆள் வேலைய விட்டுப் போனாலும் அவன் கட்டின செவுரு நிக்குமில்ல.

அதவிட மோசம், ஆசை நாளாக நாளாக கொறையும்னுதான நெனப்போம்? 2001ல எலிங்கள்ல பாத்தாங்க, கொகெயின நிறுத்தி ரெண்டு மாசம் வரைக்கும், கொகெயினோட சேத்துப் பழக்கின வெளக்கு, சத்தம் மாதிரி அடையாளத்த பாத்ததும் வர்ற தேட்டம் கொறையாம கூடிட்டே போச்சு. அதனால "இவ்ளோ நாள் இருந்துட்டானே, இனி பயமில்ல"ன்னு நாம கண் அசர்ற நேரமும் மூளை முழிச்சுக்கற நேரமும் ஒண்ணா அமைஞ்சுருது.

---

ஒம்பதுவருசம்

தங்கச்சி, நான் குடிய விட்டு ஒம்பது வருசம் நாலு மாசம் ஆச்சு. எலி படிச்ச தம்பி சொல்றதுல பாதி எனக்குப் புரியல, ஆனா அந்த தண்ணி பாக்கெட் புரிஞ்சுது. எழுத்த படிக்கும்போதே நாக்குல எச்சில் ஊறிடுச்சு, பொய் சொல்லல, ஒம்பது வருசம் கழிச்சும்.

எனக்கு எலுமிச்ச ஊறுகா. அந்த ஒத்த ரூவா சின்ன பாக்கெட். விட்ட மொத ரெண்டு வருசம் எங்க வீட்டுல ஊறுகா பாட்டிலே கிடையாது, கல்யாண வீட்டுல எலைல வெச்சா என் பொஞ்சாதி கைய நீட்டி எடுத்துக்குவா, ஒரு வார்த்த பேசமாட்டா. ஆபீஸ்ல இருந்து நேர் வழி ஒண்ணரை கிலோமீட்டர், அதுல ரெண்டு கடை. நான் ரயில்வே கேட் சுத்தி மூணு கிலோமீட்டர் நடந்தேன் ரெண்டு வருசம். கேட் போட்டுட்டா இருவது நிமிசம் நிக்கணும், நின்னேன்.

நானும் எட்டாம் மாசத்துல ஒரு தடவ விழுந்தேன். அன்னைக்கு வீட்டுல யாரும் திட்டல, அதான் கூச்சமா போச்சு. மறுநாளே ஏஏ மீட்டிங்ல, குடிய விட்டவங்க ஒண்ணா உக்காந்து பேசற கூட்டம், அங்க போய் உக்காந்தேன். விழுந்தது பெருசில்ல, விழுந்துட்டோமேன்னு அந்த வெக்கத்துல அடுத்த பத்து நாள் தொடர்ந்து குடிப்பான் பாருங்க, அதுலதான் ஆள் போயிடுவான். தம்பி வாசல்ல வந்து உக்காந்தான்னு எழுதியிருக்கீங்க. உள்ள வரல, ஆனா வேற எங்கயும் போகலல்ல?

---

பெரியக்கா_திண்டுக்கல்

எல்லாருக்கும் நன்றி, படிச்சுட்டு கொஞ்ச நேரம் அழுதேன். அண்ணே, நீங்க சொன்னது சரிதான், வேற எங்கயும் போகல.

ரெண்டு கேள்வி பாக்கி இருக்கு. அவன் பொண்ணுக்கு 11 வயசு, அவளுக்கு இது வருமா. இன்னொண்ணு, அவன் மாமியார் யாரோ சொன்னாங்கன்னு ஒரு மாத்திர வாங்கி வெச்சிருக்காங்க, அவனுக்குத் தெரியாம சாம்பார்ல பொடிச்சுப் போட்டா குடிய வெறுத்துருவான்னு. நான் வேண்டாம்னு சொல்லி வெச்சிருக்கேன், ஆனா எவ்ளோ நாளைக்கு தடுக்க முடியும்னு தெரியல.

---

மருந்துக்கடை_ஈரோடு

அக்கா மொதல்ல அந்த மாத்திரைய வாங்கி ஒளிச்சு வெய்யுங்க, இன்னைக்கே. பேரு சொல்லலீன்னாலும் எனக்குத் தெரியுமுங்க, அது டைசல்ஃபிரமாத்தான் இருக்கும். கடையில சீட்டு இல்லாம வந்து கேக்கறவங்கள வாரம் ஒருத்தர பாக்கறேன், குடுக்கறதில்ல.

லேப்எலி சொன்னாப்ல இல்லீங்களா, சாராயம் மொதல்ல அசிட்டால்டிஹைடுன்னு விஷமாகி அப்புறம் அசிடேட் ஆகும்னு. இந்த மாத்திர அந்த நடுப்படியில கதவ சாத்திடும். விஷம் ஒடம்புலயே தேங்கும். மூஞ்சி செவக்கும், வாந்தி, நெஞ்சு படபடப்பு, பிரஷர் எறங்கும், ஏற்கனவே ஹார்ட்டு வீக்கா இருந்தா உசிரே போகும். தெரிஞ்சு சாப்பிடறவன் "குடிச்சா செத்தேன்"னு பயந்து குடிக்காம இருப்பான், அந்த பயம்தான் மருந்தே. தெரியாம சாம்பார்ல போட்டா பயம் எங்கிருந்து வரும்? குடிப்பான், விழுவான், டாக்டருக்கும் என்னன்னு தெரியாது. சாப்பிட்டு நிறுத்தினாலும் ரெண்டு வாரம் வரைக்கும் அந்த வேலை இருக்குமுங்க.

நால்ட்ரெக்சோன்னு இன்னொண்ணு இருக்கு, அது வேற மாதிரி, குடிச்சா வர்ற அந்த சொகத்த மட்டுப்படுத்தும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஈரல் டெஸ்ட் பாப்பாங்க. ட்ரமடால் மாதிரி வலி மாத்திரை எதாச்சும் எடுத்தா டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாது.

முக்கியமா ஒண்ணு, தெனம் குடிக்கறவர திடீர்னு ரூம்ல பூட்டி நிறுத்தாதீங்க. ரெண்டு மூணு நாள்ல ஃபிட்ஸ் வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், பிதற்றுவாங்க, அதுல செத்தவங்க உண்டு. ஆசுபத்திரியில வைட்டமின் பி1 ஊசியோட சேத்து நிறுத்தணும். கிட்டத்துல யாரும் இல்லீன்னா 14416 டெலி மனாஸ், அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், தமிழ்லயே பேசுவாங்க.

---

லேப்எலி

பாப்பா விசயம். குடிக்கு அடிமையாகற வாய்ப்புல சுமாரா பாதி பரம்பரையில வருது, இரட்டையர்கள வெச்சு திரும்பத் திரும்ப பாத்துருக்காங்க. ஆனா அது அவரு குடிக்கறதுக்கு முன்னாடியே இருந்த ஜீன், உங்ககிட்டயும் அதுல கொஞ்சம் இருக்கலாம், நீங்க குடிக்கலையே.

அவரு குடிச்சதால ஒட்டின குறி பொண்ணுக்குப் போகுமாங்கறது வேற கேள்வி. அதுல கை தொட்டு சத்தியம் பண்ற அளவுக்கு மனுசங்கள்ல ஒண்ணும் இல்ல. எலிங்கள்ல பாத்தா தலைகீழா வருது. 2013ல கொகெயினுக்குப் பழகின அப்பா எலிங்களோட ஆண் குட்டிங்க, மத்த எலிங்கள விட கம்மியாத்தான் கொகெயின் எடுத்துச்சு! பெண் குட்டிங்கள்ல வித்தியாசமே இல்ல. அதனால "அப்பன் குடிச்சான் பொண்ணு ரத்தத்துல ஏறிடுச்சு"ன்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. அம்மா கர்ப்பமா இருக்கும்போது குடிக்கறது தனி கதை, நான் சொன்ன அந்த 2019 ஆராய்ச்சியில சரக்கோட அசிடைல் வயித்துல இருந்த குட்டியோட மூளை வரைக்கும் போயிருந்துச்சு.

பாப்பாவுக்கு நெசமா பயப்படணும்னா ஒண்ணே ஒண்ணுக்கு பயப்படுங்க, சின்ன வயசுல ஆரம்பிக்கறது. சிகாகோவுல சுபாஷ் பாண்டேன்னு ஒருத்தரோட லேப், விடலப்பருவ எலிங்களுக்கு விட்டு விட்டு ஆல்கஹால் குடுத்து, நிறுத்தி, பெருசானதும் பாத்தாங்க. பதட்டம் கூட, குடியும் கூட. அமிக்டலாவுல, பயத்தப் பாத்துக்கற எடம், ஆர்க்னு ஒரு ஜீன் சுத்திக்கிட்டு இறுகிப்போயி அப்படியே நிக்குது. 2022ல அவங்களே கிரிஸ்பர்னு, டிஎன்ஏல வேண்டிய எடத்த தேடிப் போய் சேர்ற ஒரு முறையில, அந்த ஒரு எடத்துல மட்டும் அசிடைல் ஒட்ட வெச்சாங்க, டிஎன்ஏவ வெட்டல, சும்மா தளர்த்தி விட்டாங்க. பதட்டமும் குடியும் எறங்கிடுச்சு. இறுக்கி விட்டா குடிக்காத எலிக்கும் ஏறுச்சு. மண்டைக்குள்ள ஊசி போட்டு செய்யறது, மனுசனுக்கு இன்னும் ரொம்ப தூரம். ஆனா இறுகினது இறுகினதேன்னு இல்லைங்கறது தெரியுது.

---

சும்மாஒருத்தன்

அந்த "ஊரும் மனசு வெச்சுது" ராத்திரி பூரா ஓடிட்டே இருந்துச்சு. அப்பா போயி ஆறு வருசம் ஆச்சு. மாலை கழட்டற அன்னைக்கு அவர கூட்டிட்டு எங்கயாவது போயிருக்கலாம் நாங்க. சரி விடுங்க.

---

பெரியக்கா_திண்டுக்கல்

அப்டேட் போடறேன். மாத்திர அட்டைய மாமியார் பூஜ ரூம்ல வெச்சிருந்தாங்க, எடுத்து குப்பைல போட்டாச்சு, என்கூட பேசறதில்ல. செவ்வாக்கெழம ஈரல் டெஸ்ட் எடுத்தோம், நால்ட்ரெக்சோன் எழுதிக் குடுத்துருக்காரு. இப்ப அந்த பஸ் ஸ்டாப் வேண்டாம்னு ஷேர் ஆட்டோல போறோம், பத்து ரூவா கூட.

ஆட்டோல போகும்போது ரெண்டு அறை எலி கதைய அவன்கிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. எறங்கும்போது, "அக்கா, அந்த எலிக்கு அப்புறம் என்னாச்சு, இன்னும் அங்கயேதான் நிக்குதா?"ன்னு கேட்டான். எனக்குத் தெரியலடா, கேட்டு சொல்றேன்னேன். சொல்லுங்க தம்பி.

---

லேப்எலி

அக்கா, இந்த மாதிரி பொட்டி சோதனைங்கள்ல, ஆல்கஹால் குடுக்காம அந்த அறையில சும்மா சும்மா விட்டுட்டே இருந்தா, எலி கொஞ்ச கொஞ்சமா ரெண்டு பக்கமும் சமமா சுத்த ஆரம்பிக்கும். நாள் ஆகும். ஆனா அதுக்கப்புறம் ஒரே ஒரு டோஸ் குடுத்தா போதும், பழைய அறைக்கே ஓடும். ரெண்டையும் சேத்தே சொல்லுங்க, கேக்கற ஆளுக்கு பாதி பதில் பத்தாது.